பீன்யாவின் பட்டறைகளும் பன்மொழி வாழ்வும்: பெங்களூருத் தமிழரின் புலம்பெயர் உளவியல் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புலம்பெயர்வு குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் கடல் கடந்தோரையே கருத்தில் கொண்டுள்ளன. இலங்கை மலையகம், மலேசியா, பர்மா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குத் தோட்டத் தொழிலாளராகவும் வணிகராகவும் சென்றோர், 1983-க்குப் பின் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய ஈழத்தமிழர் எனப் பல நிலைகளில் அவ்வாய்வுகள் விரிந்துள்ளன. கடல் கடவாது, ஓர் இரவுப் பேருந்துப் பயணத்தில் மொழி எல்லையைக் கடந்தோரின் வாழ்வு அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. பெங்களூருத் தமிழர் இத்தகையோர். நாட்டின் எல்லைக்குள் நிகழ்ந்த பெயர்வு ஆதலின் சட்டத்தின் முன் அவர்கள் அயலார் அல்லர்; ஆயினும் அயன்மை உணர்விலிருந்து அவர்கள் முற்றும் விடுபட்டவரும் அல்லர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மனநிலையே இக்கட்டுரையின் பொருளாகும்.

பல மொழி வழங்கும் நாடுகளிலிருந்து பெயர்ந்து வந்தோர் காவிரிப்பூம்பட்டினத்தில் ஒன்றுகலந்து இனிதே வாழ்ந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. புலம்பெயர்தல் என்னும் இன்றைய கலைச்சொல்லுக்கு வேரும் அப்பாட்டிலேயே உள்ளது. கலத்தலையும் இனிமையையும் புலவர் ஒருசேர வைத்துள்ளார். எனினும் கலந்து வாழ்வோர் எல்லாரும் இனிது வாழ்வதில்லை என்பது வரலாறு காட்டும் உண்மை. எத்தகைய சூழலில் கலத்தல் இனிமையாகிறது, எத்தகைய சூழலில் அது அச்சமாகிறது என்னும் வினாவைப் பெங்களூருவின் வடமேற்கில் அமைந்த பீன்யா தொழிற்பகுதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கோட்பாட்டுப் பின்புலம்

புலம்பெயர்ந்தோர் உளவியலில் பெரிதும் எடுத்தாளப்படுவது கனடிய உளவியலாளர் ஜான் பெரியின் பகுப்பு. தம் பண்பாட்டைப் பேணுவதா, பிற குழுவினருடன் உறவு கொள்வதா என்னும் இரு வினாக்களுக்கும் ஒருவர் தரும் விடையைக் கொண்டு நான்கு நிலைகளை அவர் வகுத்தார். இரண்டையும் விரும்புதல் ஒருங்கிணைதல். உறவை மட்டும் விரும்பித் தம்மதை விடுதல் கரைந்துபோதல். தம்மதை மட்டும் பேணுதல் ஒதுங்கி வாழ்தல். இரண்டையும் இழத்தல் விளிம்புநிலையுறுதல். இவற்றை வந்தவரின் விருப்பத் தேர்வுகளாக மட்டும் கொள்வது பிழையாகும். வந்தேறியவரை ஏற்கும் பெருஞ்சமூகத்தின் மனப்பாங்கே தேர்வின் எல்லையை வரையறுக்கிறது எனப் பெரியே வலியுறுத்தியுள்ளார்.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் வெளியிட்ட கருத்தும் இங்கு இன்றியமையாதது. வேறுபட்ட குழுவினர் ஒருவரோடொருவர் பழகினால் முற்சாய்வு குறையும். ஆயின் அதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு என்றார் அவர். இரு சாராரும் சமநிலையில் இருத்தல், பொது இலக்கு உடையராதல், அவ்விலக்கிற்காக ஒத்துழைத்தல், அதிகாரம் உடையோரின் ஆதரவைப் பெறுதல் என்பன அவை. நிபந்தனைகளை விடுத்துப் பழக்கத்தை மட்டும் பேசுவது அக்கோட்பாட்டைப் பாதியாக்கிப் பேசுவதாகும்.

மூன்றாவதாக, ஹென்றி தாஜ்ஃபெல், ஜான் டர்னர் ஆகியோர் 1979-இல் முன்வைத்த சமூக அடையாளக் கோட்பாடு. மனிதர் சில வேளைகளில் தனியாளாகவும் சில வேளைகளில் தம் குழுவின் உறுப்பாகவும் தம்மையும் பிறரையும் காண்கின்றனர் என்பது அதன் சாரம். நேற்று வரை ஃபிட்டராகவும் அண்டைவீட்டாராகவும் இருந்தவர் ஒரே நாளில் 'தமிழர்' ஆகிவிடும் நிகழ்வை விளக்க இக்கோட்பாடு துணைபுரிகிறது.

மேலைநாட்டுச் சூழலில் பிறந்த இக்கோட்பாடுகளைப் பெங்களூரு வரலாற்றோடு பொருத்தும்போது ஒரு செய்தி புலனாகிறது. புலம்பெயர்ந்தோரின் மனநிலையைத் தீர்மானிப்பது அவர்தம் இயல்போ, ஏற்கும் மக்களின் இயல்போ மட்டுமன்று. அவர்களை எந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது என்பதும் ஆகும். படைமுகாம், அரசுத் தொழிற்சாலை, சிறுபட்டறை என மூவகை நிறுவனங்கள் மூவகைத் தமிழ் வாழ்வைப் பெங்களூருவில் உருவாக்கின.

தொன்மைச் சான்றும் அதன் எல்லையும்

பெங்களூருவில் தமிழின் இருப்பு நெடிது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் உள்ள கி.பி. 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு வெங்கலூர் என்னும் ஊரின் ஏரியைக் குறிப்பிடுகிறது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பி. எல். ரைஸ் பதிப்பித்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளுள் பெங்களூரு மாவட்டத்திற்குரிய ஒன்பதாம் தொகுதி 1905-இல் வெளிவந்தது. தமிழ்க் கல்வெட்டுகள் பல அதில் இடம்பெற்றுள்ளன. இவற்றிற்கும் முற்பட்டதாக, ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த பேகூர்க் கன்னட நடுகல் பெங்களூரு என்னும் பெயரையே சுட்டுகிறது.

இச்சான்றுகளை நாம் கையாளும் முறை சிந்தனைக்குரியது. சோழர், போசளர் காலத் தமிழ்க் கல்வெட்டைக் காட்டி இன்றைய தமிழரின் உரிமையை நிறுவ முயல்வோர் உண்டு. பேகூர் நடுகல்லைக் காட்டி அதனை மறுப்போரும் உண்டு. இரு சாராரும் ஒரே கருதுகோளின் மீது நிற்கின்றனர்: முந்தி வந்தவருக்கே ஊர் உரியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கோயிலுக்கு நிலம் அளித்தோருக்கும், 1980-களில் தருமபுரியிலிருந்து வந்து பீன்யாவில் லேத் இயக்கியோருக்கும் இடையே தொடர்ச்சியான குடிவழி எதுவும் நிறுவப்படவில்லை. கல்வெட்டு, அக்காலத்தில் இப்பகுதி இருமொழிப் பகுதியாக இருந்தது என்பதற்குச் சான்று, நிலப்பட்டா அன்று. தொழிலாளியின் வாழ்வுரிமை அவர் உழைப்பிலும் குடியுரிமையிலும் நிலைபெற வேண்டுமேயன்றிக் கல்லெழுத்தின் காலக்கணக்கில் நிலைபெறலாகாது.

கண்டோன்மெண்ட்: ஒதுங்கி வாழ்தலின் வசதி

இன்றைய பெங்களூருத் தமிழரின் வரலாறு பெரிதும் 1809-இல் தொடங்குகிறது. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தபின் சீரங்கப்பட்டினத்திலிருந்த ஆங்கிலப் படை பெங்களூருவுக்கு மாற்றப்பட்டது. அல்சூரை ஒட்டிக் கண்டோன்மெண்ட் எழுந்தது. படைவீரர், ஒப்பந்தக்காரர், வணிகர், சமையற்காரர், கொத்தனார், துப்புரவுத் தொழிலாளர் எனச் சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் படையைப் பின்தொடர்ந்தனர். சென்னைச் சப்பர் படைப்பிரிவின் தலைமையிடமாகவும் பெங்களூரு அமைந்தது. அட்டாரா கச்சேரிக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரரும் கல்விக் கொடையாளருமான ஆற்காடு நாராயணசாமி முதலியார் இக்குடியேற்றத்தின் செல்வநிலை முகம். பெயர் பதிவுறாத ஆயிரக்கணக்கான கூலியாளர் அதன் மறுமுகம்.

மைசூர் மன்னருக்கு ஆட்சி 1881-இல் திருப்பி அளிக்கப்பட்டபோதும் கண்டோன்மெண்ட் ஆங்கிலேயர் நேரடி ஆட்சியிலேயே நீடித்தது. 1947-இல்தான் அது மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய நகரமும் கண்டோன்மெண்டும் 1949-இல் ஒரே மாநகராட்சியாயின. ஏறத்தாழ 140 ஆண்டுகள் அருகருகே இருந்த இரு நகரங்கள் இருவேறு ஆட்சியும் இருவேறு மொழிச் சூழலும் கொண்டிருந்தன. பழைய நகரில் கன்னடமும், கண்டோன்மெண்டில் தமிழும் ஆங்கிலமும் உருதுவும் ஓங்கியிருந்தன.

புலம்பெயர் குழுவொன்று பள்ளி, வழிபாட்டிடம், இதழ், சங்கம் ஆகியவற்றைத் தனக்கெனக் கொண்டிருக்கும் நிலையைக் கனடியச் சமூகவியலாளர் ரேமண்ட் பிரெட்டன் 1964-இல் நிறுவன நிறைவு எனக் குறித்தார். கண்டோன்மெண்ட் தமிழர் இந்நிறைவைப் பெற்றிருந்தனர். ஒருவர் கன்னடம் அறியாமலே பிறந்து, படித்து, உழைத்து, மறைய முடிந்தது. இது செருக்கினால் விளைந்ததன்று. கன்னடம் கற்கத் தேவை எழாத ஆட்சியமைப்பினால் விளைந்தது. அல்சூர் ஏரியருகே பெங்களூருத் தமிழ்ச் சங்கம் 1950-இல் தோன்றியதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கது. கண்டோன்மெண்ட் தனி ஆட்சியாக இருந்தவரை தேவைப்படாத அமைப்பு, நகரம் ஒன்றானதும் தேவைப்பட்டது. பெரும்பான்மையின் நடுவே தாம் ஒரு சிறுபான்மையினர் என்னும் உணர்வு இங்குதான் தோற்றம் கொள்கிறது எனலாம்.

ஏற்ற நிறுவனம் மாறின் மனநிலையும் மாறும் என்பதற்கு மைசூர் அரசின் கல்வி, நிருவாகத் துறைகளின் வழிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் சான்று. கன்னடச் சிறுகதையின் முன்னோடியான மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டுமொழி தமிழ். 1983-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதைக் கன்னட எழுத்துக்காகப் பெற்றார். கன்னட நாடகத்திற்குப் புத்துயிர் அளித்த டி. பி. கைலாசமும் தமிழ்க் குடியினரே. வீட்டில் தமிழும் எழுத்தில் கன்னடமுமாக வாழ்ந்த இவர்களை 'நல்ல புலம்பெயர்ந்தோர்' எனப் போற்றிக் கண்டோன்மெண்ட் தொழிலாளரைக் குறைகூறுதல் முறையன்று. ஆங்கிலக் கல்வியும் அரசுப் பதவியும் எட்டக்கூடிய சாதி, வர்க்க நிலையில் முன்னவர் இருந்தனர். பின்னவருக்கு அவ்வாயில் திறக்கப்படவில்லை.

புலம்பெயர்வை இழப்பாக மட்டும் காணவும் இயலாது. கோலார் தங்கவயலுக்கும் பெங்களூருவுக்கும் வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பெயர்ந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பிறந்த ஊர் என்பது ஏக்கத்திற்குரிய நினைவாக மட்டும் அமையவில்லை. தப்பி வந்த இடமாகவும் அமைந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் இவ்விடங்களில் வேரூன்றியதும், அவர் எழுத்துகளைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டு வந்ததும் தற்செயலானவை அல்ல. தாயகத்தில் மறுக்கப்பட்ட அறிவு வாழ்வைப் புலம் அளித்தது. தாயக ஏக்கமே புலம்பெயர் உளவியலின் மையம் என்னும் பொதுக் கூற்று, எந்தச் சாதியின் தாயகம் என்னும் வினாவின் முன் நிற்க மாட்டாது.

பொதுத்துறைத் தொழிற்சாலைகள்: பொது இலக்கும் அதன் முறிவும்

இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை (1940), இந்தியத் தொலைபேசித் தொழிலகம் (1948), எச்.எம்.டி. (1953), பாரத் எலக்ட்ரானிக்ஸ் (1954) ஆகியவை பெங்களூருவைத் தொழில்நகராக்கின. பின்னிரண்டும் பீன்யாவை அடுத்த ஜாலஹள்ளியில் அமைந்தன. இவற்றில் தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடர் எனப் பல மொழியினரும் ஒரே ஊதிய விகிதத்தில், ஒரே சீருடையில் பணிபுரிந்தனர். சமநிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிருவாக ஆதரவு என்னும் ஆல்போர்ட்டின் நிபந்தனைகள் பெருமளவு நிறைவேறிய இடம் இதுவே. எந்தச் சீர்திருத்த இயக்கமும் செய்யாத கலப்பைத் தொழிற்சங்கமும் தொழிற்சாலைக் குடியிருப்பும் செய்தன.

1980 டிசம்பரில் தொடங்கி 1981 மார்ச் வரை 77 நாள் நீடித்த பொதுத்துறை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,25,000 தொழிலாளர் பங்கேற்றனர். பல மொழி பேசிய ஒரு தொழிலாளர் கூட்டம் தன்னை மொழிக் குழுக்களாக அன்றித் தொழிலாளராகக் கண்டதன் உச்சம் அது. வேலைநிறுத்தம் கோரிக்கைகளை வெல்லாமல் முடிந்தது. அடுத்த ஆண்டே, 1982-இல், பள்ளிகளில் கன்னடத்திற்கு முதலிடம் வேண்டிய கோகாக் குழுவின் பரிந்துரைகளை நிறைவேற்றக் கோரும் போராட்டம் மாநிலம் முழுவதும் எழுந்தது. நடிகர் ராஜ்குமார் அதன் முகமானார். ஒன்றின் தோல்வியே மற்றதன் காரணம் எனக் கூறுதல் மிகையாகும். கன்னட இயக்கத்திற்குத் தனக்கேயுரிய நீண்ட வரலாறு உண்டு. ஆயினும் தொழிலாளர் என்னும் பொது அடையாளம் தளர்ந்த வேளையில் மொழி அடையாளம் வலுப்பெற்றது என்னும் கால ஒழுங்கு கருதத்தக்கது. வேலைவாய்ப்பில் கன்னடருக்கு முன்னுரிமை வேண்டி சரோஜினி மகிஷி குழு தன் பரிந்துரைகளை அளித்ததும் அப்பத்தாண்டிலேயே.

கன்னடர் தரப்பின் உளவியலையும் இங்கு நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். 1956-இல் மொழிவழி மாநிலம் அமைந்து, 1973-இல் அது கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. ஆனால் அதன் தலைநகரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு என்பதே 2011 கணக்கெடுப்பு காட்டும் நிலை. தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசுவோர் அடுத்த பெருங்குழுக்கள். மாநிலத்தில் பெரும்பான்மையினர், தலைநகரில் சிறுபான்மை உணர்வினர் என்னும் இரட்டைநிலை கன்னடருக்கு வாய்த்தது. சென்னையில் தமிழுக்கு இத்தகைய நிலை நேர்ந்திருப்பின் நாம் எவ்வாறு உணர்ந்திருப்போம் எனத் தமிழாய்வாளர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் பயன்தரும். 1994 அக்டோபரில் தூரதர்ஷனின் உருதுச் செய்தி ஒளிபரப்பை எதிர்த்து எழுந்த கலவரமும் இவ்வச்சத்தின் வெளிப்பாடே. தமிழர் மட்டுமே அதன் இலக்கு அல்லர்.

பீன்யா: கூரையற்ற கலப்பு

துமகூருச் சாலையை ஒட்டி 1970-களின் பிற்பகுதியில் வளரத் தொடங்கிய பீன்யா தொழிற்பகுதி, ஆசியாவின் மிகப்பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுவது. எந்திர உறுப்புகள், வாகன உதிரிகள், மின்முலாம், ஆயத்த ஆடை எனப் பல ஆயிரம் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் இங்குள்ளன. அண்மையிலிருந்த பெருந்தொழிற்சாலைகள் உதிரி வேலைகளை வெளியே கொடுத்ததும் இதன் வளர்ச்சிக்கு ஒரு காரணம். தமிழகத்தின் வடமேற்கு மாவட்டங்களிலிருந்து வந்தோரும், ஸ்ரீராமபுரம் போன்ற பழைய தமிழர் பகுதிகளிலிருந்து வேலைக்கு வந்தோரும், துமகூரு, ஹாசன், மண்டியா மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்த கன்னடரும் இப்பட்டறைகளில் சந்தித்தனர். கன்னடத் தொழிலாளியும் இங்குப் புலம்பெயர்ந்தவரே. மொழி எல்லையைக் கடக்கவில்லை. ஆயினும் ஊரை, உறவை, வேளாண்மையை விட்டு வந்தார். நகரம் இருவருக்கும் புதிது. இவ்வொற்றுமை ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை.

பீன்யாவின் பட்டறை, பொதுத்துறைத் தொழிற்சாலையினின்று மூன்று வகைகளில் வேறுபடுகிறது. முதலாவதாக, பத்துப் பதினைந்து பேர் பணிபுரியும் கூடத்தில் பழக்கம் மிக நெருக்கமானது. ஒரே லேத்தில் ஷிஃப்ட் மாறி நிற்போர் ஒருவர் மொழியை மற்றவர் கற்காமல் வேலை நடவாது. இங்குத் தமிழர் கன்னடத்தை நூலில் கற்கவில்லை. அளவுகோலைக் கேட்கவும் முன்பணம் கேட்கவும் வாடகை பேசவும் கற்றனர். இரண்டாவதாக, வேலைக்கு உறுதி இல்லை. ஜாப் ஒர்க் குறைந்தால் ஆள் குறையும். ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சங்கம் அரிது. இன்று உடன் உழைப்பவர் நாளை தம் இடத்திற்குப் போட்டியாளர். மூன்றாவதாக, தொழிற்சாலைக் குடியிருப்பு என்னும் பொது வாழிடம் இல்லை. பட்டறையில் கலந்தோர் மாலையில் லக்கெரே, தாசரஹள்ளி எனத் தத்தம் வாடகைக் குடியிருப்புகளுக்குப் பிரிந்தனர்.

கண்டோன்மெண்ட் தமிழருக்கு நிறுவன நிறைவு இருந்தது; கலப்பு குறைவு. பொதுத்துறைத் தமிழருக்குக் கலப்பும் இருந்தது. அதனைத் தாங்கும் கூரையும் இருந்தது. பீன்யாத் தமிழருக்குக் கலப்பு மிகுதி, கூரை இல்லை. மொழித்திறன் வளர்ந்த அளவிற்கு உரிமையுணர்வு வளராமைக்கு இதுவே காரணம் என இக்கட்டுரை கருதுகிறது. நான்கு மொழிகளைச் சரளமாகப் பேசும் ஒருவர் ஒரு மொழியிலும் விண்ணப்பம் எழுத இயலாதிருப்பதும் இச்சூழலின் விளைவு. தமிழ்வழிப் பள்ளிகள் நகரில் அருகிய நிலையில், அவர் மக்கள் தமிழ் பேசுவர், எழுத்தறியார். கன்னடம் படித்திருப்பினும் ஏட்டில் 'வேற்றுத் தாய்மொழியினர்' ஆவர். பெரியின் நான்கு நிலைகளுள் இவரை எதில் வைப்பது? பேச்சில் ஒருங்கிணைந்தவர், எழுத்தில் விளிம்புநிலையுற்றவர், வழிபாட்டிலும் மணவுறவிலும் ஒதுங்கி வாழ்பவர். ஒரே மனிதர் வாழ்வின் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு நிலையில் உள்ளார். பகுப்பு மனிதரைப் பற்றியதாக இராது துறைகளைப் பற்றியதாக மாறவேண்டும் என்பதை பீன்யா உணர்த்துகிறது.

இந்நகரின் பொன்மொழி போல வழங்கும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்னும் தொடர், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் எனப் பொருள்படும். பேருந்து இருக்கையிலும் குடிநீர்க் குழாயடியிலும் பன்மொழி வாழ்வை இயக்குவது இவ்வனுசரிப்பே. யார் யாரிடம் இதனைச் சொல்கிறார் என்பதில்தான் அதன் பொருள் உள்ளது. இருபுறமும் சொல்லப்படும்போது அது நாகரிகம். ஒருபுறம் மட்டும் சொல்லப்படும்போது அது கட்டளை.

பகைமை நாள்கள்

காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-இல் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விடுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வாணையை முறியடிக்கக் கர்நாடகம் இயற்றிய அவசரச் சட்டம் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆணை டிசம்பரில் அரசிதழில் வெளியானதும், 12-ஆம் நாள் தொடங்கிப் பெங்களூருவில் தமிழர் குடியிருப்புகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் மாண்டன, பல்லாயிரவர் தமிழகம் ஓடி வந்தனர். 2000 ஜூலை 30-இல் வீரப்பனால் ராஜ்குமார் கடத்தப்பட்டு, நவம்பர் 15-இல் விடுவிக்கப்படும் வரை 108 நாள்கள் பெங்களூருத் தமிழர் அச்சத்தோடு கழித்தனர். 2016 செப்டம்பர் 12-இல் மீண்டும் காவிரிக் கலவரம். தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் நாற்பதிற்கு மேல் எரிக்கப்பட்டன. பீன்யாவை அடுத்த ஹெக்கனஹள்ளியில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். நகரின் 16 காவல் நிலையப் பகுதிகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது.

இந்நிகழ்வுகளின் பொதுக்கூறு யாது? எதனையும் பெங்களூருத் தமிழர் செய்யவில்லை. எதனையும் அவர் தடுத்திருக்கவும் இயலாது. நீர்ப்பங்கீடு இரு அரசுகளிடையே எழுந்தது. கடத்தல் காட்டில் நிகழ்ந்தது. தனியாள் மறைந்து குழுவின் பேராளர் மட்டும் எஞ்சும் நிலையை இங்குத் தெளிவாகக் காண்கிறோம். அவர் தமிழகத்தின் பேராளராக ஆக்கப்படுகிறார். அந்த அரசை அவர் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

உண்மை நலன் எங்குள்ளது என நோக்கின் இம்முரண் மேலும் தெளிவாகும். காவிரி நீர் 1974 முதல் பெங்களூருக் குடிநீராக வருகிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் அளித்த தீர்ப்பில் கர்நாடகத்திற்குக் கூடுதலாக்கிய 14.75 டி.எம்.சி.யுள் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்கு உரியது. அதைக் குடிப்போருள் பெங்களூருத் தமிழரும் உளர். நீரைப் பொறுத்தவரை அவர் நலன் கன்னட அண்டைவீட்டாரின் நலனே. மறுபுறம், பீன்யாவின் கழிவுநீர் விருஷபாவதி வழியே அர்க்காவதியை அடைந்து காவிரியில் கலக்கிறது. அந்நீரின் மாசைத் தமிழக உழவரும் பகிர்கின்றனர். ஆற்றின் வழியே பார்த்தால் மொழிக் குழுக்களின் எல்லை கலைந்து வேறு எல்லைகள் தோன்றுகின்றன. கலவர நாளில் எவரும் ஆற்றின் வழியே பார்ப்பதில்லை.

கலவரங்களின்போது அண்டையர் காத்த நிகழ்ச்சிகளைப் பலரும் நினைவுகூர்வதுண்டு. அவை உண்மையே, போற்றத்தக்கனவே. ஆயினும் தனிமனித நட்பு ஒரு வீட்டைக் காக்கலாம். தெருவைக் காக்க நிறுவனம் வேண்டும். ஆல்போர்ட்டின் நான்காம் நிபந்தனை இங்கு முதல் நிபந்தனையாகிறது. அல்சூரில் 1991-இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-இல் இரு மாநில முதல்வர்கள் முன்னிலையில் திறக்கப்பட்டது. நான்கு நாள்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஆட்சியாளர் இசைந்தால் பதினெட்டாண்டு இறுக்கமும் ஒரு வாரத்தில் தளரும் என இந்நிகழ்வு காட்டியது. அதே வேளையில் ஒரு குறையும் உண்டு. சிலைக்குச் சிலை என்னும் பரிமாற்றத்தில் பெங்களூருத் தமிழர், இரு அரசுகள் தமக்குள் மாற்றிக்கொள்ளும் நல்லெண்ணத்தின் பொருளாகவே நின்றார். மதிக்கப்படும்போதும் அவர் தமிழகத்தின் பேராளரே. பெங்களூருவின் குடிமகனாக அல்லர்.

மூத்த புலம்பெயர்ந்தோரும் புதிய வருகையாளரும்

இன்று பீன்யாவின் பட்டறைகளில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் மிகுதி. மூத்த தமிழ்த் தொழிலாளி இங்குப் புதியதோர் இடத்தில் நிற்கிறார். கன்னடம் அறிந்தவர், நகரம் அறிந்தவர் என்னும் முறையில் அவரே புதியவருக்கு 'உள்ளூரார்'. முன்பு தம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட சொற்களை - குறைந்த கூலிக்கு வருகிறார்கள், மொழி கற்பதில்லை - இப்போது புதியவரைப் பற்றி அவர் சொல்லக்கூடும். உள்ளூரார் என்பது பிறப்பால் அமைவதன்று, வரிசையில் அமைவது என்னும் உண்மை இதனால் புலனாகிறது. உள்ளூர் வேட்பாளர்க்கு வேலை ஒதுக்கீடு வேண்டி 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஏற்று, பின் நிறுத்திவைத்த சட்ட முன்வரைவு, மாநிலத்தில் பிறந்து பதினைந்தாண்டு வாழ்ந்து கன்னடம் பேச, படிக்க, எழுத அறிந்தவரை உள்ளூரார் என வரையறுத்தது. அவ்வரையறையின்படி பீன்யாவில் பிறந்த தமிழ்த் தொழிலாளியின் மகள், கன்னடம் எழுத அறிந்தால், உள்ளூரார். அவள் தந்தை அல்லர். ஒரே வீட்டிற்குள் எல்லை வரையப்படுகிறது.

வதந்தியின் உளவியலும் மொழிக்கு மொழி வேறுபடுவதில்லை. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்னும் வதந்தியால் பல்லாயிரவர் பெங்களூருவை விட்டுக் குவாஹாட்டி ரயில்களில் ஏறினர். 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. திருப்பூர் முதலிய ஊர்களில் அச்சம் எழுந்தது. 1991-இல் பெங்களூருத் தமிழர் அடைந்த அச்சத்தை, தமிழகத்தில் வாழும் பிறமொழித் தொழிலாளர் 2023-இல் அடைந்தனர். முன்னதன் அடிப்படை உண்மைத் தாக்குதல், பின்னதன் அடிப்படை பொய் என்னும் வேறுபாடு பெரிது. எனினும் ஓட நேரும் மனம் ஒன்றே. இன்று தமிழகமும் புலம்பெயர்ந்தோரை ஏற்கும் நிலம். பெங்களூருத் தமிழருக்கு நாம் எதனைக் கோருகிறோமோ அதனைத் திருப்பூரின் ஒடியத் தொழிலாளிக்கு அளிக்கிறோமா என்பதே நம் கோரிக்கையின் நேர்மைக்கு உரைகல்.

முடிவுரை

மேற்கண்ட நோக்கால் பெறப்படுவன வருமாறு. பெங்களூருத் தமிழர் என்னும் ஒற்றை உளவியல் இல்லை. ஏற்ற நிறுவனத்திற்கேற்பப் பல உளவியல்கள் உண்டு. கலந்து வாழ்தல் மொழித்திறனை வளர்க்கும். சங்கம், பள்ளி, குடியிருப்பு, நடுநிலை ஆட்சி ஆகிய கூரைகளின்றி அது உரிமையுணர்வை வளர்க்காது. பகைமை, பழக்கம் இன்மையால் மட்டும் எழுவதன்று. பழகிய மனிதர் பேராளராக மாற்றப்படுவதால் எழுவது. ஏற்கும் மக்களின் அச்சத்தையும் வந்தவரின் அச்சத்தையும் ஒரே அளவுகோலால் அளக்காத ஆய்வு முழுமை பெறாது.

தமிழாய்வுலகம் பெங்களூருத் தமிழரை இருவகையாகவே இதுவரை எழுதி வந்துள்ளது: தொல்குடி உரிமையாளராக, அல்லது கலவரத்தின் பலியாளராக. முதல் வகை அவரைக் கல்வெட்டோடு கட்டுகிறது. இரண்டாம் வகை அவரைத் தமிழகத்தின் துயரக் கணக்கில் சேர்க்கிறது. இரண்டும் அவரைப் பேராளராகவே நிறுத்துவன. கலவரக்காரரும் அதனையே செய்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. கன்னடம் பேசி உழைத்து, தமிழில் உறவாடி, காவிரியைக் குடித்து வாழும் பீன்யாவின் தொழிலாளியை அந்நகரின் குடிமகனாக எழுதும் வரலாறே இனித் தேவைப்படுவது. பட்டறைகளின் வாய்மொழி வரலாறு, இருமொழிக் குடும்பங்களின் மொழிப் பயன்பாடு, அண்மையில் வந்த வடபுலத் தொழிலாளரோடு தமிழர் கொள்ளும் உறவு ஆகியவற்றைக் கன்னட ஆய்வாளருடன் இணைந்து தொகுத்தல் அதற்கான முதற்படியாகும்.